வழி தவறிய குடல்

'வயிற்று வலி' என்றால் நம் வீடுகளில் யாரும் உடனே பதறி விடுவதில்லை. "நேற்று ராத்திரி கல்யாண வீட்டிலே என்ன சாப்பிட்டாய்?" என்று ஒருவர் விசாரிப்பார். "உடம்பு சூடுதான், தொப்புளிலே விளக்கெண்ணெய் தடவிக் கொள்" என்பார் இன்னொருவர். பாட்டி இருக்கிற வீடானால், கேட்கவே வேண்டாம். சுக்கும் ஓமமும் அடுப்பில் கொதிக்க ஆரம்பித்து விடும். பெரும்பாலும் இந்தக் கை வைத்தியத்திலேயே வலி தீர்ந்தும் விடுகிறது. அதனால்தான் நமக்கு இவ்வளவு தைரியம்!

ஆனால் எல்லா வயிற்று வலியும் ஓமத்துக்கு அடங்குவதில்லை. திருநாவுக்கரசரை ஆட்டி வைத்த சூலை நோயைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தாங்க முடியாத அந்த வலிதான் அவரைத் தமக்கையார் திலகவதியாரிடம் கொண்டு வந்து சேர்த்தது. திருவதிகைக் கோயில் வாசலுக்கும் அழைத்துச் சென்றது. அது எதனால் வந்த சூலை என்று ஆராய்வது நம் வேலை அல்ல. சூலத்தால் குத்துவது போன்ற வலிக்கு நம் முன்னோர் தனியாக ஒரு பெயரே வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே கவனித்துக் கொள்ளுவோம்.

அப்படிப்பட்ட வலிகளில் மிகவும் விசித்திரமான ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். வலி வருவது முப்பது வயதில், நாற்பது வயதில், சில சமயம் அறுபதைத் தாண்டிய பிறகு. ஆனால் அதற்கான விதை விழுந்ததோ, அந்த மனிதர் தாயின் வயிற்றில் பத்து வாரக் கருவாக இருந்த காலத்தில்!

உடம்பில் நடக்கும் முதல் யாத்திரை

உங்கள் குடல் வயிற்றுக்குள் எப்படி அமைந்திருக்கிறது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்தது உண்டா? சாக்கில் கயிற்றைத் திணித்தது போல ஏதோ கிடக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை! சிறு குடல் மட்டுமே சுமார் 6 மீட்டர் நீளம். இவ்வளவு நீளமான குழாய், சாண் வயிற்றுக்குள், நாம் குதித்தாலும் குட்டிக்கரணம் போட்டாலும் சிக்கிக் கொள்ளாமல் இருக்கிறது என்றால், அதற்கு ஓர் ஒழுங்கான ஏற்பாடு இருக்கத்தானே வேண்டும்?

கரு உண்டாகி ஆறாவது வாரம். சிசு முழுவதுமே ஒரு மொச்சைக் கொட்டை அளவுதான். அதற்குள் கல்லீரல் கிடுகிடுவென்று பெரிதாகி வயிற்றை அடைத்துக் கொள்ளுகிறது. குடலும் வேகமாக வளருகிறது. ஆனால் இருக்க இடம் இல்லை. என்ன செய்யும்? பேசாமல் வீட்டை விட்டு வெளியே போய் விடுகிறது! ஆம், தொப்புள் கொடிக்குள் நுழைந்து, அங்கே சில வாரங்கள் குடியிருக்கிறது. பத்தாவது வாரம் வாக்கில் வயிற்றுக்குள் இடம் உண்டாகிறது. உடனே குடல் மறுபடியும் உள்ளே திரும்பி வந்து விடுகிறது.

போய் வருகிற இந்த யாத்திரையில் குடல் சும்மா வருவதில்லை. தனக்கு ரத்தம் கொண்டு வரும் பெரிய நாடியை அச்சாக வைத்துக் கொண்டு, முக்கால் சுற்றுச் சுற்றி வருகிறது. கணக்குப் போட்டுச் சொன்னால் 270 டிகிரி. எதிரே நின்று பார்ப்பவரின் கண்ணுக்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், அதாவது அப்பிரதட்சிணமாக! இதன் பலனாகத்தான் பெருங்குடலின் ஆரம்பமும், அதில் தொங்கும் குடல் வாலும் வலது பக்க அடிவயிற்றில் வந்து அமருகின்றன. இரைப்பையை அடுத்து வரும் டியோடினம் என்ற முன் சிறு குடல், நாடியின் பின்புறமாகச் சென்று, முதுகெலும்புக்கு இடது பக்கம் போய்ச் சேருகிறது. கடைசியில் எல்லாம் அந்தந்த இடத்தில் முதுகுப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கொள்ளுகின்றன.

கொசுவமும் ஆணியும்

இப்படிச் சுற்றி வந்து ஒட்டிக் கொள்ளுவதால் என்ன லாபம்? பெண் வாசகர்களுக்கு இதைப் புரிய வைப்பது மிகவும் சுலபம்.

புடவைக் கொசுவத்தை நினைத்துக் கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடத்தில் நான்கு விரல்கடை. கீழே வந்தால் விசிறி போல் விரிகிறது. சிறு குடலைத் தாங்கி நிற்கும் சவ்வும் அப்படித்தான். அதன் விளிம்பிலே 6 மீட்டர்க் குடல். அதன் அடியோ, இடது மேல் வயிற்றிலிருந்து வலது கீழ் வயிறு வரை சாய்வாக, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு முதுகுச் சுவரில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. அடி அகலமாக இருப்பதால் குடல் எப்படிப் புரண்டாலும் முறுக்கிக் கொள்ளுவதில்லை.

சிலருடைய விஷயத்தில், கருவிலேயே அந்த யாத்திரை பாதியில் நின்று போகிறது. குடல் உள்ளே வந்து விடுகிறது. ஆனால் சரியாகச் சுற்றுவதில்லை. சிறு குடல் முழுவதும் வலது பக்கமாகவும், பெருங்குடல் முழுவதும் இடது பக்கமாகவும் கிடக்கின்றன. சவ்வின் அடியோ அகலமாக ஒட்டாமல், ஒரே இடத்தில் குறுகிப் போய் நிற்கிறது. செருகி வைத்த கொசுவத்துக்குப் பதிலாக, புடவை முழுவதையும் ஒரே ஆணியில் மாட்டித் தொங்க விட்டது போல! காற்று அடித்தால் அந்தப் புடவை ஆணியைச் சுற்றித் திருகிக் கொள்ளாதா? குடலும் அப்படித்தான் திருகிக் கொள்ளுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தன் இடத்துக்குப் போக முடியாமல் மேலேயே தங்கி விட்ட பெருங்குடலின் ஆரம்பப் பகுதியிலிருந்து, வலது பக்கச் சுவருக்குச் சவ்வுப் பட்டைகள் ஓடுகின்றன. அவை முன் சிறு குடலின் மேலே குறுக்காகப் படர்ந்து, வாய்க்காலின் குறுக்கே மரம் விழுந்தது போல் அதை அமுக்குகின்றன.

குடல் சரியாகச் சுற்றாத இந்தக் குறை, 500 பேரில் ஒருவருக்கு இருக்கக் கூடும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. துன்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பிறந்த முதல் மாதத்திலேயே அகப்பட்டுக் கொள்ளுகிறார்கள். பிறந்த குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால் டாக்டர்கள் துள்ளி எழுந்து ஓடுவது இதனால்தான். எஞ்சியவர்கள் வளருகிறார்கள், படிக்கிறார்கள், கல்யாணம் செய்து கொள்ளுகிறார்கள், பேரன் பேத்தி எடுக்கிறார்கள். தங்கள் குடல் ஓர் ஆணியில் தொங்குகிறது என்பது பலருக்குக் கடைசி வரை தெரிவதே இல்லை. ஆனால் சிலருக்கு மட்டும் ஒரு நாள் தெரிந்து விடுகிறது.

மோட்டார் சைக்கிள் விபத்து தந்த டாக்டர்

இந்த ரகசியத்தை வைத்திய உலகம் எப்படிப் புரிந்து கொண்டது என்பது சுவையான கதை.

எடின்பரோ நகரில் நார்மன் டாட் என்று ஒரு பையன். இயந்திரத் தொழிலில் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்தான். 1913-ல் மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்து ஏற்பட்டுக் கால் நொறுங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அவன் கவனம் இயந்திரத்தை விட்டு மனித உடம்பின் பக்கம் திரும்பியது. கால் ஊனம் ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. ஆனால் இயந்திரத் தொழிலாளி டாக்டர் ஆகி விட்டார்!

1923-ல், இளம் வயதிலேயே, டாட் ஒரு கட்டுரை வெளியிட்டார். கருவில் குடல் எப்படிச் சுற்றுகிறது, எந்தக் கட்டத்தில் நின்று போனால் என்ன விதமான கோளாறு உண்டாகும், அதை ஸர்ஜன் எப்படிச் சந்திக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்கியிருந்தார். கருவின் வளர்ச்சியைப் பற்றி மேஜையில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்களையும், கத்தி பிடித்த கைகளையும் இணைத்து வைத்த கட்டுரை அது. பிற்காலத்தில் அவர் மூளை ரண சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். ஆனாலும் குடலைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த 1923-ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்றும் மறப்பதில்லை.

திருத்தாமலே காப்பாற்றியவர்

காரணம் தெரிந்து விட்டது. பரிகாரம்? அதைக் கண்டவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் லாட்.

1917 டிசம்பர் 6-ந் தேதி, கானடா தேசத்து ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. ஒன்றில் முழுக்க வெடி மருந்து. ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. சுமார் 2000 பேர் மாண்டார்கள். பாஸ்டனிலிருந்து உதவிக்கு ஓடிய டாக்டர்களில் லாட்டும் ஒருவர். காயம் பட்ட குழந்தைகளுக்கு அங்கே அவர் சிகிச்சை செய்தார். குழந்தைகளைச் 'சின்ன அளவு பெரியவர்கள்' என்று நினைத்து வைத்தியம் செய்யக் கூடாது, அவர்களுக்குத் தனி ரண சிகிச்சை முறையே வேண்டும் என்று பாடுபட்டு, அந்தத் துறைக்கே அமெரிக்காவில் அஸ்திவாரம் போட்டவர் அவர்.

குடல் முறுக்கிக் கொண்ட குழந்தைகளின் வயிற்றைத் திறந்து, முறுக்கைப் பிரித்து விட்டால் போதும் என்று முன்பெல்லாம் எண்ணினார்கள். அப்படிச் செய்தும் சில குழந்தைகள் மீண்டும் வாந்தி எடுத்தன. லாட் கூர்ந்து பார்த்தார். முறுக்கைப் பிரித்த பிறகும், முன் சிறு குடலின் மேல் அந்தச் சவ்வுப் பட்டைகள் அமுக்கிக் கொண்டே இருந்தன! அவற்றையும் அறுத்து விட வேண்டும் என்று 1936-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர் விளக்கினார். இன்று அந்தப் பட்டைகளுக்கும், அந்த ஆபரேஷனுக்கும் அவர் பெயர்தான்.

இந்தச் சிகிச்சையில் ஒரு பெரிய விவேகம் இருக்கிறது. குடல் தப்பான இடத்தில் இருக்கிறதே, அதைச் சரியான இடத்துக்குக் கொண்டு போய் வைத்து விடலாம் என்றுதானே உங்களுக்கும் எனக்கும் தோன்றும்? லாட் முறை அதற்கு நேர் மாறானது. முதலில் முறுக்கைப் பிரிக்க வேண்டும். குடல் அநேகமாகப் பிரதட்சிணமாக முறுக்கிக் கொள்ளும். ஆகவே ஸர்ஜன் அதை அப்பிரதட்சிணமாகத் திருப்ப வேண்டும். பிறகு பட்டைகளை அறுத்து, குறுகிக் கிடக்கும் சவ்வின் அடியைக் கூடிய மட்டும் அகலமாக விரித்து விட வேண்டும். கடைசியில் சிறு குடலை வலது பக்கமும், பெருங்குடலை இடது பக்கமுமாக, அதாவது அந்தக் குறையுள்ள நிலையிலேயே வைத்து வயிற்றை மூடி விட வேண்டும்! இயற்கை செய்யாமல் விட்ட முக்கால் சுற்றை மனிதன் செய்து முடிக்க முயலுவதில்லை. பிழையைத் திருத்தாமலே, அதனால் அபாயம் வராமல் செய்து விடுகிறான்.

கூடவே குடல் வாலையும் எடுத்து விடுகிறார்கள். ஏன் தெரியுமா? அது இப்போது இடது பக்கத்தில் கிடக்கிறது. என்றைக்காவது அதில் சீழ் பிடித்தால் வலி இடது பக்கம் வரும். பார்க்கிற டாக்டருக்குக் குடல் வால் என்று சட்டென்று தோன்றுமா? பின்னால் வருகிற டாக்டர் ஏமாறக் கூடாது என்று இந்த முன் யோசனை!

தொப்புளில் விட்டுப் போன மிச்சம்

பெரியவர்களின் குடலை அடைக்கிற பிறவிக் குறை இன்னொன்றும் இருக்கிறது. சொல்லப் போனால் அதுதான் அதிகம் பேருக்கு இருப்பது.

கருவின் ஆரம்ப நாட்களில் குடலுக்கும், கருவைப் போஷிக்கும் மஞ்சள் கருப் பைக்கும் நடுவே ஒரு சிறு குழாய் உண்டு. சில வாரங்களில் அதன் வேலை தீர்ந்து, சுருங்கி மறைந்து விட வேண்டும். சிலருக்கு அது முழுவதும் மறைவதில்லை. சிறு குடலில் ஒரு சிறிய பை போல் நீட்டிக் கொண்டு மிச்சம் நின்று விடுகிறது. சில சமயம் அந்தப் பையின் நுனியிலிருந்து தொப்புள் வரை ஒரு நார் கட்டிய கயிறு போல் ஓடும்.

1598-லேயே ஹில்டானுஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர் இந்தப் பையைக் கண்டு குறித்து வைத்தார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று 1809-ல் சரியாகச் சொன்னவர், ஹால்லே நகரத்து யோஹான் பிரீட்ரிக் மெக்கெல். அவருடைய பாட்டனாரும் உடற்கூறு நிபுணர். தகப்பனாரும் உடற்கூறு நிபுணர். தகப்பனாரோ தமக்குப் பின் தம் எலும்புக் கூட்டையும் குடும்பச் சேகரிப்பில் வைக்கும்படி சொல்லி விட்டுப் போனவர்! அப்படிப்பட்ட வமிசத்தில் பிறந்தவருக்கு உடம்பின் ரகசியம் புலப்படாமல் போகுமா?

மெக்கெல் பையை ஞாபகம் வைத்துக் கொள்ளுவதற்கு வைத்திய மாணவர்கள் ஒரு 'இரண்டு' வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு 2 பேருக்கு இருக்கும். சிறு குடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்கு 2 அடி முன்னால் இருக்கும். 2 அங்குல நீளம் இருக்கும். தொந்தரவு கொடுப்பது பெண்களை விட ஆண்களுக்கு 2 மடங்கு. வாய்ப்பாடு சுமாரானதுதான் என்றாலும், பரீட்சைக்கு உதவுகிறது!

இந்தப் பை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தைகளுக்குத் தொந்தரவு கொடுத்தால், அநேகமாக மலத்தில் ரத்தம் போகும். பெரியவர்களுக்கோ பெரும்பாலும் குடல் அடைப்பாகத்தான் வருகிறது. தொப்புளுக்கு ஓடும் நாரைச் சுற்றிக் குடல் முறுக்கிக் கொள்ளலாம்; நாருக்கு அடியில் குடல் நழுவிப் போய் மாட்டிக் கொள்ளலாம்; அல்லது பையே உள் பக்கம் கவிழ்ந்து, குடலுக்குள் குடலை இழுத்துச் செருகி விடலாம்.

அடைத்துக் கொண்டால் என்ன ஆகும்?

நாம் குடிக்கும் தண்ணீரைத் தவிர, எச்சில், பித்தம், ஜீரண நீர்கள் என்று தினமும் சுமார் 7 லிட்டர் திரவம் உணவுக் குழாய்க்குள் சுரக்கிறது. அவ்வளவும் கீழே போகப் போக மீண்டும் ரத்தத்தில் சேர்ந்து விடும். நடுவே அடைப்பு ஏற்பட்டால்? அணையில் வெள்ளம் தேங்குவது போல் அடைப்புக்கு மேலே தேங்குகிறது. குடல் ஊதுகிறது. அடைப்பைத் தள்ளி விடலாம் என்று அது முக்கி முக்கிப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் அலை அலையாக வரும் வலி. தள்ள முடியாமல் எல்லாம் மேலே திரும்பி வாந்தியாக வருகிறது. உடம்பிலுள்ள நீரும் உப்பும் குறைந்து கொண்டே போகின்றன; நாக்கு உலருகிறது; நாடி வேகமாக ஓடுகிறது.

இது வரை வந்தது சாதாரண அடைப்பு. குடலோடு ரத்தக் குழாயும் சேர்ந்து முறுக்கிக் கொண்டாலோ, விஷயம் வேறு. ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறோமே, அந்த மாதிரி ரத்த ஓட்டம் நின்று போகிறது. ஆறு மணி நேரத்துக்குள்ளாகவே குடல் கருத்துச் செத்துப் போகலாம். முன்பெல்லாம் ஸர்ஜன்கள், அடைபட்ட குடலின் மேல் சூரியன் உதிக்கவும் கூடாது, அஸ்தமிக்கவும் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதை உத்தேசித்துத்தான்.

குடலில் பெரும் பகுதி அழுகி, அதை வெட்டி எடுக்க நேர்ந்தால், பிழைத்தாலும் சாப்பாடு ஜீரணமாக வழி இல்லை. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகர டாக்டர் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும், போஷாக்கு முழுவதையும் ரத்தக் குழாய் வழியாகவே செலுத்தும் முறையை வகுத்தார்கள். அதனால் அப்படிப்பட்டவர்களும் இன்று உயிர் வாழுகிறார்கள். ஆனால் அந்த வாழ்க்கை எளிதானதல்ல. செலவோ சொல்லி மாளாது. ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இவ்வளவும் மிச்சம்!

கண்டு பிடிப்பது எப்படி?

பெரியவர்களுக்குச் சிறு குடல் அடைபட்டால், டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "முன்னே வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா?" என்பது. பழைய ஆபரேஷனால் உள்ளே குடல் ஒட்டிக் கொள்ளுவதுதான் அடைப்புக்கு முக்கியமான காரணம். அடுத்தபடி குடல் இறக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். நம் நாட்டில் குடலைத் தாக்கும் க்ஷயரோகத்தையும் அவர் மறந்து விடுவதில்லை. தழும்பே இல்லாத வயிறு, குடல் இறக்கமும் இல்லை, ஆனாலும் அடைப்பு என்றால், அப்போதுதான் பிறவிக் குறையாக இருக்குமோ என்ற சந்தேகம் எழ வேண்டும்.

திடீரென்று வருகிறவர்கள் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். வந்த உடனே கவனிக்கப்பட்டு விடுகிறார்கள். பாவம், விட்டு விட்டு வருகிறவர்கள் படும் பாடுதான் பெரிய பாடு! சாப்பிட்ட சிறிது நேரத்தில் மேல் வயிற்றில் பிடித்துக் கொள்ளும், வாந்தி வரும், குடல் தானே முறுக்குப் பிரிந்து கொண்டதும் வலி மாயமாய் மறையும். டாக்டரிடம் போகும்போது ஒன்றும் இருக்காது. 'வாயு' என்பார்கள், 'அமிலம் அதிகம்' என்பார்கள், வருஷக் கணக்கில் மாத்திரை. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து, உடம்பு துரும்பாகும். புகுந்த வீட்டில் இருக்கும் பெண்ணாக இருந்தாலோ, "வேலை என்றால் மட்டும் இவளுக்கு வயிற்று வலி வந்து விடும்" என்ற பட்டமும் கிடைக்கும்! கர்ப்பிணியானால், எல்லா வாந்தியையும் மசக்கையின் கணக்கில் எழுதி விடுவார்கள். கர்ப்ப காலத்தில் இந்தக் குடல் முறுக்கு ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே, "நடிக்கிறாள்" என்று சொல்லும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

நல்ல வேளையாக, இந்தக் காலத்தில் உண்மையைக் கண்டு பிடிக்க வழி இருக்கிறது. எக்ஸ்-ரேயில் தெரியக் கூடிய மருந்தைக் குடிக்கச் செய்து படம் எடுத்தால், முன் சிறு குடல் முதுகெலும்பைத் தாண்டி இடது பக்கம் போகாமல், வலது பக்கத்திலேயே இறங்குவது தெரிந்து விடும். ஸி.டி. ஸ்கான் இன்னும் தெளிவாகக் காட்டும். சாதாரணமாகக் குடலின் பெரிய நாடிக்கு வலது பக்கத்தில் அதன் சிரை இருக்க வேண்டும். குடல் சுற்றாதவர்களில் பலருக்கு இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். முறுக்கு விழுந்திருந்தாலோ, ஆற்றில் நீர்ச்சுழி போலக் குடலும் சவ்வும் நாடியைச் சுற்றிச் சுழன்றிருப்பது படத்தில் தெரியும்.

வேறு எதற்கோ ஸ்கான் எடுக்கப் போய், இந்தக் குறை தற்செயலாகத் தெரிய வருவதும் உண்டு. ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறது. அது அவரவர் வயதையும் உடல் நிலையையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆபரேஷனே சிறந்தது. முறுக்கு விழாத நிலையில், சிறு துவாரங்கள் வழியாகவே அதைச் செய்து முடிக்கவும் இப்போது முடிகிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

கீழே சொல்லும் குறிகளை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். வயிற்று வலி அலை அலையாக வந்து வந்து போகிறது. வாந்தி பச்சையாகவோ மஞ்சளாகவோ வருகிறது. மலமும் போகவில்லை, வாயுவும் பிரியவில்லை. வயிறு உப்பிக் கொண்டு வருகிறது. இவை சேர்ந்து வந்தால் குடல் அடைப்பு என்றே எண்ணிக் கொண்டு புறப்பட வேண்டும். வயிறு உப்பவில்லையே என்று அலட்சியமாக இருந்து விடாதீர்கள். அடைப்பு மேலே, இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்தால், வாந்தி அதிகமாகவும் உப்பல் குறைவாகவும் இருக்கும். அலையாக வந்த வலி இடைவிடாத வலியாக மாறி, நாடியும் வேகமாக ஓடினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை சில உண்டு. விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுக்கக் கூடாது. அடைத்த குழாயில் மேலும் அழுத்தம் ஏற்றுவது எப்படி உதவும்? 'குடல் ஏற்றம்' என்று சொல்லி எண்ணெய் போட்டு வயிற்றைப் பிசைந்து தட்டி எடுப்பவரிடம் அழைத்துப் போகக் கூடாது. முறுக்கிய குடலுக்கு அது பெரிய அபாயம். சோடா, கஞ்சி, காப்பி எதுவும் வாய் வழியாக வேண்டாம். ஸர்ஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போய் விடுங்கள். அங்கே மூக்கு வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, தேங்கியதை வெளியே எடுப்பார்கள். ரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றுவார்கள். எளிய காரியம்தான். ஆனால் 1930-களில் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகர டாக்டர் ஓவன் வாங்கென்ஸ்டீன் இந்தக் குழாய் முறையைப் பரப்பிய பிறகு காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம்.

பழைய எக்ஸ்-ரே, ஸ்கான் முதலியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். 'குடல் இடம் மாறியிருக்கிறது' என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தால், அடுத்த டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உங்கள் குடல் வால் எந்தப் பக்கம் என்பது ஒரு நாள் உங்கள் உயிரையே காப்பாற்றலாம்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். இந்தக் குறை தெரிந்ததும், "மாசமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்தாயா? எதைத் தின்றாய்?" என்று தாயாரைக் குறை கூறுகிறவர்கள் இருக்கிறார்கள். தான் கர்ப்பம் என்பது நிச்சயப்பட்டும் படாமலும் இருக்கிற அந்த முதல் வாரங்களில், மொச்சைக் கொட்டை அளவுச் சிசுவுக்குள் நடக்கும் காரியம் இது. அதற்கு அந்தத் தாய் என்ன செய்வாள்? பழி சொல்லுவதை விட்டு, வலிக்கிறது என்று சொல்லுகிறவரின் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்போம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது வயிற்றைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால், ஓமத்தையும் விளக்கெண்ணெயையும் தேடுவதற்கு முன்னால், வாந்தி என்ன நிறம், வாயு பிரிந்ததா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வண்டியைக் கூப்பிடுங்கள்.